கைக்கு எட்டும் வெளிச்சம்

வான் வண்டிக்குள் குடியிருப்பதை ஐரோப்பாவில் ஒரு வாழ்க்கைமுறை என்கிறார்கள். படம் பிடிக்கிறார்கள், புத்தகம் போடுகிறார்கள். இலங்கையின் வடக்கே வன்னியில் அதற்கு அப்படியொரு பெயர் தேவைப்படவில்லை. 2008இன் பிற்பகுதியில் போரால் கிளிநொச்சியை விட்டுத் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்துகொண்டே இருந்த குடும்பங்களுக்கு ரக்ரர் பெட்டிதான் வீடு. கூரைத் தகரமும் கதவு நிலையும் நெல் மூட்டையும் ஏறிய அந்தப் பெட்டிகளுக்குக் கீழேதான் பிள்ளைகள் படுத்தார்கள். இன்றைக்கு அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்களும், மீன் ஏற்ற விடியும்வரை கரையில் காத்திருப்பவர்களும் வானுக்குள்ளும் லொறிக்குள்ளும் இரவைக் கழிக்கிறார்கள். சோறு அங்கேயே, தூக்கமும் அங்கேயே. அவர்களுடைய வாகனங்களில் கட்டாயம் ஒன்றிருக்கும்: உள்கூரையில் ஒட்டிய, கைவேலையாகப் பொருத்திய எல்இடி பட்டி.

அந்தப் பட்டி எவ்வளவு நீளமாக இருக்கவேண்டும் என்பது சின்னக் கேள்விதான். ஆனால் ஒரு மனிதருக்கு எவ்வளவு வெளிச்சம் போதும் என்ற பெரிய கேள்வியும் அதற்குள்தான் இருக்கிறது.

வன்னிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1990இல் அரசின் பொருளாதாரத் தடை தொடங்கியபின் எரிபொருளும் பற்றரியும் கிடைத்தற்கரிய சாமான்களாகின. பி.பி.சி. தமிழோசை கேட்க, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவை இயக்கிய காலம் அது. இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு. வாய் அகன்ற போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய், நூல் திரி, திரியை நிமிர்த்திப் பிடிக்க பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வு. சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்று அதை எளிதில் அணைக்காது. தேக்கரண்டிக் கணக்கில் ஊற்றிய எண்ணெயில் பல மணிநேரம் ஓடும். அதைச் சுற்றி உட்கார்ந்து படித்தவர்கள் இன்று மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள்.

அந்த விளக்கு அறையை நிரப்பியதில்லை. கொப்பியின் பக்கத்தை மட்டும் நிரப்பியது. வீட்டில் மற்றவர்கள் இருட்டில்தான் நடந்தார்கள்.

கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் இர்வின் ஹாலிடே இதே முடிவுக்கு வேறு வழியால் வந்தார். 1997இல் நேபாள மலைக் கிராமமொன்றில் இருட்டான வகுப்பறையைக் கண்ட அவர், மின்கம்பம் போகாத ஊர்களுக்கு விளக்குத் தேடினார். ஜப்பானின் நிச்சியா நிறுவனம் செய்த வெள்ளை எல்இடி ஒன்று கைக்கு வந்தபோதுதான் விடை கிடைத்தது: ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் ஒரு பிள்ளையால் படிக்கமுடியும். அறைக்கு வெளிச்சம் போடுவதை விட்டு, புத்தகத்துக்கு வெளிச்சம் போட்டால் கணக்கே மாறிவிடுகிறது. அந்த வேலைக்காக 2002இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

வானில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. கடையில் எல்இடி பட்டி ஐந்து மீற்றர் சுருளாக வருகிறது. மலிவாக இருக்கிறதே என்று முழுச் சுருளையும் உள்கூரையைச் சுற்றி ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. மீற்றருக்கு 60 எல்இடி கொண்ட பிரகாசமான வகையென்றால் ஐந்து மீற்றருக்கு 72 வாட். 12 வோல்ற் பற்றரியிலிருந்து 6 அம்பியர் இழுக்கும். அதை எரியவிட்டுத் தூங்கினால் காலையில் வான் ஸ்ரார்ட் ஆகாது, வயல் வரம்பில் நாலுபேர் தள்ளவேண்டும். மங்கலான வகையில் அரை மீற்றரை வெட்டி, அடுப்புக்கு மேலே கொஞ்சம், தலைமாட்டில் கொஞ்சம் என்று பிரித்து ஒட்டினால் மொத்தமே 2.4 வாட். யூபிஎஸ்ஸுக்குப் போடும் 7 அம்பியர்-அவர் பற்றரி ஒன்றைத் தனியே வைத்துப் பாதியை மட்டும் செலவழித்தாலும் 17 மணிநேரம் எரியும். அதே பாதியை முன்பு வாகனங்களில் மாட்டிய 21 வாட் சிக்னல் பல்ப் இரண்டு மணிநேரத்தில் குடித்துவிடும்.

கைவேலைக்காரர் அறிந்த இன்னொரு விஷயமும் உண்டு. பட்டியில் மூன்று மூன்று எல்இடியாகத்தான் வெட்டலாம். செப்புப் புள்ளிகளுக்கு நடுவே கத்தரிக்கோல் குறி இருக்கும். மூன்றும் சேர்ந்து ஒன்பது, ஒன்பதரை வோல்ற் எடுக்க, மிச்சத்தைப் பக்கத்திலுள்ள குட்டி ரெசிஸ்ரர் தாங்குகிறது. நின்ற வாகனத்தில் அது சரி. இயந்திரம் ஓடும்போது பற்றரியில் 14 வோல்ற்றுக்கு மேல் ஏறும். அந்த மேலதிகம் முழுக்க ரெசிஸ்ரரின் தலையில் விழ, மின்னோட்டம் ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. சில மாதத்தில் பட்டி இடையிடையே கறுத்துப்போவதற்கு இது ஒரு காரணம். வன்னி வெயிலில் கொதிக்கும் தகரக் கூரை மற்றது. ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் மூன்று தனி எல்இடியையும் 270 ஓம் ரெசிஸ்ரர் ஒன்றையும் ஈயத்தால் பிடித்துத் தாங்களே விளக்குச் செய்கிறார்கள். பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ். இந்த பியூஸை விடுகிறவர்களே அதிகம். வயர் உரசிச் சூடானால் வானே எரிந்துவிடும் என்பதை யாராவது சொன்னால் சிரிக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இல்லாமையைக் கொண்டாடுகிற தொனி வந்துவிடக்கூடாது. ஜாம் போத்தல் விளக்கை இப்போது ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் பெரும்பாலும் சுவிச்சைத் தட்டினால் வெளிச்சம் வரும் வீட்டிலிருந்துதான் பேசுகிறார்கள். அது கெட்டித்தனம், ஆனால் திணிக்கப்பட்ட கெட்டித்தனம். புகையும் இருமலும் அந்தக் கதையில் வருவதில்லை. நெருப்பும் வருவதில்லை. இலங்கையின் அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கழுத்து நீண்ட குப்பி விளக்குகள் சரிந்து எரிந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்துச் சலித்துத்தான் ‘சுதீப’ விளக்கை உருவாக்கினார். மார்மைற் போத்தலைப்போலக் குட்டையாக, கனமாக, சரிந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகுமூடியோடு. 1998இல் அவருக்கும் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. போத்தலின் உருவத்தை மாற்றினால் உயிர் தப்பும் என்று நாட்டுக்கே காட்டியவர் அவர். எண்ணெயைப் பஞ்சில் ஊறவைத்த வன்னி விளக்கும், சிக்கனத்துக்காகச் செய்ததென்றாலும், சரிந்தபோது எண்ணெய் கொட்டாத விளக்குத்தான்.

2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்க 13 மணிநேரம் கரண்ட் நின்றபோது பழைய விளக்குகளின் பேச்சு மறுபடி எழுந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனதும் அந்தப் பேச்சு அடங்கியது. எல்இடியும் பற்றரியும் வென்றது அழகால் அல்ல, விலையால்.

மலிவானது பெருகும். அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நோர்ட்ஹவுஸ், வெளிச்சத்தின் விலை வரலாற்றைக் கணக்கிட ரோமானியர் காலத்து மண்விளக்கொன்றை வாங்கி, அதில் நல்லெண்ணெய் ஊற்றி எரித்து ஒளியை அளந்து பார்த்தவர். அவர் கண்டது, வெளிச்சம் நூற்றாண்டுகளாக நம்பமுடியாத அளவுக்கு மலிந்துகொண்டே வந்திருக்கிறது என்பது. மலிந்ததால் மிச்சம்பிடித்த மனிதர்கள் குறைவு. கூட்டி எரித்தவர்களே அதிகம்.

முல்லைத்தீவுக் கடலில் அந்தக் கணக்கு வழக்காகவே மாறியிருக்கிறது. வானுக்குப் போகும் அதே எல்இடியும் பற்றரியும் படகுக்கும் போகின்றன. இரவில் தண்ணீரின் மேல் வெளிச்சம் பாய்ச்சினால் மீன் திரண்டு வரும். பெரிய வலைக்காரர் அள்ளிக்கொண்டு போக, சிறுவலைக்காரருக்கு விடியலில் வெறும் கடல். முன்பு இதற்கு ஜெனரேற்றரும் பெரிய பல்புகளும் வேண்டியிருந்தன, கைக்காசு வேண்டியிருந்தது. இப்போது செலவு குறைந்துவிட்டது. 2018 ஓகஸ்டில் முல்லைத்தீவு மீனவர்கள் வீதிக்கு இறங்கியபோது முன்வைத்த கோரிக்கைகளில் வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பதை நிறுத்து என்பதும் ஒன்று. இருட்டை ஒரு உரிமையாகக் கேட்டவர்கள் அவர்கள்.