மறக்கருணையும் திபெத்துத் தேவி சித்திரமும்

கண்ணும் பல்லும் கண்டமாத்திரத்தே ஒரு தெய்வ வடிவத்தின் கருத்தையும் கண்டுவிட்டோம் என்றெண்ணுதல் பேதைமையாம். இதனைத் திபெத்து தேசத்துச் சீலைச் சித்திரங்களைக் கொண்டு விளக்குவாம்.

அத்தேசத்தார் அவற்றைத் தங்கா என்பர். பருத்திச் சீலையிலே வெண்சுண்ணமும் பசையும் கூட்டிப் பூசித் தேய்த்து மெருகிட்டு, கல்லரைத்த வர்ணங்களால் எழுதி, பட்டு விளிம்பு தைத்துச் சுருட்டி வைப்பர். உக்கிர மூர்த்தங்களைச் சிலபோது கரிய நிலத்தின்மேற் பொன்வரிகளால் எழுதுவதுமுண்டு. காவற்றெய்வங்களுக்கென மடங்களிலே தனியறையுமுண்டு.

அத்தெய்வங்களுட் சிறந்தவள் பல்தென் லாமோ. ஸ்ரீதேவி என்னும் வடமொழி நாமத்தின் மொழிபெயர்ப்பே அப்பெயர். லாசா நகருக்கும் தலாய் லாமாக்களுக்கும் அவள் காவல். கருநீல மேனியும், முக்கண்ணும், கபால மகுடமும் உடையளாய், குருதிக்கடலின்மேற் கோவேறு கழுதையூர்ந்து செல்வாள். அவ்வூர்தியின் பின்புறத்தே ஒரு கண் எழுதப்பட்டிருக்கும். அஃதென்னை?

திபெத்தியர் கூறுங் கதை நமது இலங்கையிலே தொடங்குகின்றது. அவள் ஈண்டு அரக்கர் வேந்தனொருவனுக்கு மனைவியாயிருந்தாள். கொலைத்தொழிலை அவன் விடானாயின் அக்குலத்தையே அறுப்பேன் எனச் சபதஞ் செய்தாள். அவன் திருந்தினானில்லை, மைந்தனும் தந்தை வழியே வளர்ந்தான். அவள் தான் பெற்ற மைந்தனைக் கொன்று, அவன் தோலையே சேணமாக்கி, வடதிசை நோக்கிப் போயினாள். வேந்தன் எய்த அம்பு ஊர்தியின் பின்புறத்திற் றைத்தது. அவள் அதனைப் பறித்து, அப்புண் 24 தேசங்களையுங் காக்குங் கண்ணாகுக என வாழ்த்தினாள், அவ்வாறே ஆயிற்று.

தாய் மகவைக் கொல்லுதல் அறமாமோவெனின், ஆகாது. இக்கதையை ஒழுக்க விதியாகக் கொள்ளற்க. அதன் உட்கருத்தையே கொள்க. அவள் சினம் கொடுமையின் மேலதன்றித் தன் நலம் பற்றியதன்று. அச்சினத்தால் முதலில் இழந்தவளும் தானே. புண்பட்ட பின்னரும் அம்பைத் திருப்பி எய்திலள். புண்ணையே பிறரைக் காக்குங் கண்ணாக்கினாள்.

சைவ ஆசிரியர்களே! மறக்கருணை என்பது நாம் நன்கறிந்த சொல். ஆயினும், மாணாக்கன் ஒருவன் நம்மை அவமதித்த பொழுது எழுஞ் சினத்துக்கும் அப்பெயரையே இட்டு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளுகின்றோமல்லமோ? அவன் உயர்வு கருதிய கண்டிப்பு வேறு. நமது புண்ணுக்கு மருந்து தேடிய கண்டிப்பு வேறு. முன்னது அவன் நெஞ்சில் நிற்கும். பின்னது தழும்பாய் நிற்கும்.

ஆதலால், இத்தகைய சித்திரத்தைக் கண்டு மாணாக்கர் பேயென்று நகைப்பாராயின், அதன் பொருளை அவர்க்கு அன்போடு உணர்த்துவோமாக. வகுப்பிலே சினம் எழுந்தபோதெல்லாம், நமது புண் அம்பாயிற்றோ கண்ணாயிற்றோ என்று நம்மையே வினாவுவோமாக.