உதிர்ந்த கொம்பின் ஓசை

(மான்குர்த் தமிழ் அன்பர்களின் சத்சங்கத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஸ்ரீமத் பாகவதத்தின் 11-ஆவது ஸ்கந்தத்தில், யது மன்னரிடம் தம் 24 குருமார்களைப் பற்றிக் கூறும் அவதூதர், மானையும் அவர்களுள் ஒருவராக வைக்கிறார். வேடனின் இசையில் மயங்கி அகப்படுவது மான். பெண்களின் ஆடல் பாடலுக்கு வசப்பட்ட ரிஷ்யசிருங்கரையும் அங்கே நினைவூட்டுகிறார். அம்முனிவரும் மானின் வயிற்றில் பிறந்தவரே. (மான்குர்த் என்ற பெயரிலும் நம் தமிழ்க் காதுக்கு ஒரு மான் கேட்பது தற்செயல்தான்!)

ஆகவே இனிய இசைதான் ஆபத்து என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். வேட்டைக்காரர்களின் அனுபவமோ வேறொன்றையும் காட்டுகிறது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடை செய்கிறது. வட அமெரிக்காவில் அது குறித்த பருவங்களில் இன்றும் அனுமதிக்கப்படுகிறது. அங்கே இலையுதிர் காலத்தில், மான்கள் இணைசேரும் வேளையில், 'எல்க்' என்னும் பெரிய மானை ஏமாற்றப் பெண்மானைப் போலக் குரல் கொடுக்கிறார்கள். வெள்ளைவால் மானுக்கோ இரண்டு கொம்புகளை மோதி உரசுகிறார்கள். இரு கலைமான்கள் பொருதுவதாக எண்ணி மூன்றாவது ஒன்று புதரிலிருந்து வெளிப்படுகிறது. இதில் இனிமை ஏது? சண்டைச் சத்தமே அதை இழுத்து வந்தது. கீதையின் 3-ஆம் அத்தியாயம் காமத்தையும் குரோதத்தையும் ஒரே பகையாகக் காட்டுவதன் பொருள் இங்கே விளங்குகிறது.

அந்தக் கொம்புகளும் பலசமயம் ஏதோ ஒரு மான் முன்பு உதிர்த்துவிட்டுப் போனவையே.

ஊரில் பாகப்பிரிவினை முடிந்து ஆண்டுகள் பல ஆயின. அண்ணனும் தம்பியும் மீண்டும் பேசவும் தொடங்கிவிட்டார்கள். ஒருநாள் உறவினர் ஒருவர் தொலைபேசியில், "உன்னைப் பற்றி அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா?" என்கிறார். அன்று மாலை கையில் ஜபமாலை உருள்கிறது. மனமோ திருநெல்வேலியில் வாய்க்கால் வரப்பில் நின்று வழக்காடுகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பயணம் அத்துடன் நின்றுபோகிறது. வயதான தாய் இரு பிள்ளைகளையும் ஒருசேரக் காணாமலே கண்மூடவும் கூடும்.

பருவம் கடந்தபின் அதே கொம்போசைக்கு மான் அப்படி வருவதில்லை. அதன் உள்ளே எழுந்திருந்த வேகமே ஓசைக்கு வலிமை தந்தது. எனவே காதைப் பொத்துவது மட்டும் சாதனை ஆகாது. அவ்வேகத்தை இவ்வுடல் விழுமுன் தாங்க வல்லவனையே கீதை 5-ஆம் அத்தியாயத்தில் யோகி என்கிறது.

எப்படித் தாங்குவது? அடிபட்டுத் தேறிய முதிய கலைமான் பெரும்பாலும் நேரே பாய்வதில்லை. சத்தம் வந்த இடத்தைத் தொலைவிலேயே சுற்றி, அங்கிருந்து காற்று தன்னை நோக்கி வீசும் பக்கத்தில் நின்று மோப்பம் பிடிக்கிறது. மனித வாடை பட்டதும், வந்த வழியே காட்டுக்குள் மறைந்துவிடுகிறது.