மேல்காதும் மாமன் மடியும்

யாராவது நம்மை ஏமாற்றப் பார்த்தால் "யாருக்குக் காது குத்துற?" என்று கேட்கிறோம். கோபம் கொஞ்சம் கூடினால் "எனக்கு எப்பவோ காது குத்தியாச்சு" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். இந்த வழக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு அகராதியைப் புரட்ட வேண்டாம், காதுகுத்து நடக்கும் கோயில் எதற்காவது போனால் போதும். சென்னையின் மேற்குப் புறநகர்க்காரர்களுக்குத் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கம். மொட்டையடித்துச் சந்தனம் தடவிய குழந்தை மாமன் மடியில் இருக்கும். ஒருத்தி கிலுகிலுப்பையை ஆட்டுவாள், இன்னொருத்தி வாழைப்பழத்தை நீட்டுவாள், குழந்தை அந்தப் பக்கம் திரும்பும் நொடியில் பத்தர் இந்தப் பக்கம் குத்திவிடுவார். ஏமாற்று மிகப் பழையது. சுசுருத சம்ஹிதை ஆறாவது அல்லது ஏழாவது மாதத்தில் காது குத்தச் சொல்கிறது. குழந்தையை மடியில் உட்காரவைத்து, விளையாட்டுச் சாமான் காட்டி மயக்கி, காதை வெயிலில் பிடித்து, ஒளி ஊடுருவித் தெரியும் இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும். ஆணுக்கு முதலில் வலது காது, பெண்ணுக்கு இடது. மடியும் மயக்கலும் அன்றே செய்முறையில் சேர்ந்துவிட்டன.

இப்போது அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வோம். மேல்காதின் விளிம்பில் ஒன்று, அதற்குக் கீழே குருத்தெலும்பின் மடிப்புக்குள் இன்னொன்று குத்திக்கொள்ள வேண்டும் என்கிறாள். கடைக்காரர்கள் முதலாவதை ஹீலிக்ஸ் என்கிறார்கள். உள்மடிப்புகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அம்மா சரி என்கிறார், கூடவும் போகிறார். அடுத்த விசேஷத்தில் உறவுக்காரர்கள் காதைப் பார்த்துவிட்டு, பிள்ளையை விட்டுவிட்டு அம்மாவைப் பிடிக்கிறார்கள்: "அவதான் சின்னப் பொண்ணு, நீங்களுமா அண்ணி கூடப் போனீங்க?" இந்தக் கேள்வி எனக்கு விசித்திரமாகப் படுகிறது. பேசத் தெரியாத குழந்தையை ஏமாற்றிக் குத்தியபோது மண்டபம் எடுத்துச் சாப்பாடு போட்டோம், சீர் வரிசை வைத்தோம். பேசத் தெரிந்த பிள்ளை தானாக வந்து கேட்டு, வலியும் தெரிந்து, இடத்தையும் காட்டிக் குத்திக்கொள்ளும்போது முகம் சுளிக்கிறோம். நம் தயக்கம் தப்பான காதில் வந்து நிற்கிறது என்பதுதான் என் வாதம். கூடப் போன அம்மா மரபை உடைக்கவில்லை, அந்த மடியைத்தான் இன்னும் கொஞ்ச காலம் நீட்டியிருக்கிறார் என்றும் சொல்வேன். ஆனால் மடி என்றால் என்ன என்பதில் நாம் கறாராக இருக்க வேண்டும்.

முதலில் எழும் மறுப்பு "நம்ம வழக்கத்துல இல்லாதது" என்பது. இதைச் சொல்பவர்கள் தங்கள் பாட்டியின் காதை மறந்துவிட்டார்கள். மேல்காது விளிம்பில் போடுவதற்கென்றே கொப்பு, முருகு என்று நகைகள் நம்மிடம் இருந்தன. கீழே தொங்கும் சோணையைக் குணுக்கு போட்டு இழுத்து வளர்த்து, தோளைத் தொடும் அளவுக்குப் பாம்படமும் தண்டட்டியும் மாட்டிய பெண்கள் தென்மாவட்டங்களில் நேற்றுவரை சந்தைக்கு வந்துபோனார்கள். அவ்வளவு கனமான தங்கத்தைத் தாங்கிய காதுக்கு முன்னால் இன்றைய ஒரு பொட்டுத் திருகாணி எம்மாத்திரம்? ஆண் காதும் அப்படித்தான். கடுக்கன் போட்ட தாத்தாக்களின் படம் இல்லாத பழைய வீடு குறைவு. அதே வீட்டில் பேரன் ஒற்றைக் காதில் வளையம் மாட்டினால் கலாசாரம் கெட்டுவிடுகிறது. இரண்டு காதிலும் ஒரே மாதிரிதான் போட வேண்டும் என்று சொல்வதற்கும் இடமில்லை. சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனிகளின் வலது காதில் ஆணின் குண்டலமும் இடது காதில் பெண்ணின் தோடும் இருக்கும். சம்பந்தர் மூன்று வயதில் பாடியதாகச் சொல்லப்படும் முதல் பதிகம் இறைவனை அடையாளம் காட்டத் தொடங்குவதே அந்தத் தோட்டிலிருந்துதான். அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் போகும் மின்சார ரயில் திருவாலங்காட்டிலும் நின்றுதான் போகிறது. அந்த ஊரிலிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்த நடராசரை உலகமே வியக்கிறது. இரு காதில் இரு வகை அணிவது அநாகரிகம் என்று அந்த ரயிலில் உட்கார்ந்துகொண்டு சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

ஆனால் பாட்டியின் காதை வைத்து வாதத்தை இங்கேயே ஜெயித்துவிடுவது நேர்மையாகாது. பாம்படத்தின் கதைக்கு இரண்டாம் பாதி உண்டு. காலம் மாறியபோது அதே வளர்த்த காதுகளைக் கண்டு வெட்கப்பட்டு, அறுத்துத் தைத்துச் சின்னதாக்கிக்கொண்ட பெண்களும் ஏராளம். சிறுமியாக இருந்தபோது பெரியவர்கள் பெருமையென்று வளர்த்துவிட்டது, வளர்ந்தபின் அவளுக்கே பாரமானது. பழைய வழக்கம் என்பதால் மட்டும் எதுவும் சரியாகிவிடாது. புதுசு என்பதால் தப்பாகிவிடவும் செய்யாது. அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையையும் தேடிப் பல மாவட்டக்காரர்கள், பல மாநிலத்தார் வந்து குடியேறிய பகுதி இது. இங்கே 'நம்ம வழக்கம்' என்பது தெருவுக்குத் தெரு, ஏன், மாடிக்கு மாடி வேறு. வழக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் காதையே பார்ப்பது நல்லது.

காதைப் பார்த்தால்தான் உண்மையான மறுப்பு தெரியும். சோணை வெறும் தோலும் கொழுப்புமானது. ரத்த ஓட்டம் தாராளம். குத்திய புண் ஆறேழு வாரத்தில் ஆறிவிடும். மேல்காது அப்படியில்லை. அது குருத்தெலும்பு. அதற்கென்று ரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்திய மெல்லிய சவ்வின் வழியாகத்தான் அதற்கு உணவு போகிறது. ஆற மூன்று மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அங்கே சூடோமோனாஸ் போன்ற கிருமி புகுந்து சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவே சீழ் கட்டினால் குருத்தெலும்பு செத்து, காது சுருங்கிப் பூக்கோசு மாதிரி ஆகிவிடும். பிறகு மருந்தால் பழைய வடிவம் திரும்பாது. நகைக்கடையில் சோணைக்குப் பயன்படுத்தும் துப்பாக்கிக் கருவியால் மேல்காதைக் குத்தினால் குருத்தெலும்பு நசுங்கக்கூடும். உள்ளே துளையுள்ள, ஒரே தடவை பயன்படுத்தும் ஊசிதான் அதற்குச் சரி. அம்மா ஊசி உறையைத் தன் கண்முன் பிரிக்கச் சொல்லலாம், துப்பாக்கியை எடுத்தால் பிள்ளையை எழுப்பிக் கூட்டிவந்துவிடலாம். தோழிகளோடு ஒளிந்து போகும் பிள்ளையால் இந்த இரண்டையும் செய்ய முடியாது. கூடப் போவது செல்லம் கொடுப்பது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று இருக்கிறது. அது என் வாதத்தின் அடியிலேயே கை வைக்கிறது. பிள்ளை வளர்ந்து தானாகக் கேட்கட்டும் என்பவர்களுக்கு எதிராக, குழந்தையில் குத்துவதே நல்லது என்று சொல்ல மருத்துவச் சான்று உண்டு. காது குத்தியவர்களிடம் தழும்பு மேடாகப் புடைத்து வளரும் கீலாய்டு, பதினோரு வயதுக்குப் பின் குத்தியவர்களுக்கே அதிகம் வந்தது என்று 2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. நம்மைப் போன்ற கருமை, மாநிறத் தோலில் கீலாய்டு வெள்ளைத் தோலைவிட அடிக்கடி வரும் என்பதும் தெரிந்ததே. எனவே பாட்டிகளின் அவசரத்துக்குப் பின்னால் ஒரு விவேகம் இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இதிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது "கூடாது" என்ற ஒற்றைச் சொல் இல்லை. அப்பாவுக்கோ அத்தைக்கோ அம்மை ஊசி போட்ட இடம், ஆபரேஷன் தையல் போட்ட இடம் மேடாகப் புடைத்திருக்கிறதா? பிள்ளைக்கே பருவின் தழும்பு அப்படி ஆகிறதா? நிக்கல் கலந்த கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிறதா? பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டிடி தடுப்பூசி போட்டாகிவிட்டதா? இதெல்லாம் குடும்பத்துக்குத் தெரிந்த சங்கதிகள். கீலாய்டு குடும்பத்தில் இருந்தால் அம்மா "வேண்டாம்" என்று சொல்வதும் ஆதரவுதான். காரணம் சொல்லிச் சொல்லும் வேண்டாமைப் பதினாறு வயது ஓரளவுக்கு ஏற்றுக்கொள்ளும். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்ற வேண்டாமை ஏற்காது, ஏற்கவும் தேவையில்லை.

சட்டமும் இந்த வயதை ஒரு நடைபாதையாகத்தான் வைத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையின் சம்மதம் சம்மதமாகவே எண்ணப்படாது. அதன் நன்மைக்காகக் காப்பாளர்தான் பேச வேண்டும். பதினெட்டில் ஆள் முழுசாக மேஜர். நடுவிலுள்ள ஆறு வருடத்தில் பிள்ளையின் சொல்லுக்கும் எடை உண்டு, பெற்றோரின் சொல்லுக்கும் எடை உண்டு. மேல்காது ஆசை வருவது பெரும்பாலும் இந்த ஆறு வருடத்துக்குள்தான்.

தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் துளை ஒரு நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு. காது இல்லை, மூக்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பெண்கள் பள்ளி. தென்னிந்தியத் தமிழ் இந்துக் குடும்பத்துப் பிள்ளை 2004-ல் விடுமுறையில் அம்மாவின் சம்மதத்தோடு மூக்கு குத்திக்கொண்டு திரும்பினாள். பள்ளி விதியில் மூக்குத்திக்கு இடமில்லை. பெண் வயதுக்கு வந்தால் மூக்கு குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறு வயதில் பாட்டி அதை மாற்றி வைரம் போடுவார் என்று அம்மா எழுதிக் கொடுத்தார். பள்ளி ஏற்கவில்லை. குடும்பப் பெயரை வைத்துப் 'பிள்ளை வழக்கு' என்று அறியப்படும் அந்த வழக்கில் 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பையஸ் லங்கா எழுதிய தீர்ப்பு குடும்பத்தின் பக்கம் நின்றது. மூக்குத்தி கட்டாயக் கடமை இல்லை, விரும்பிச் செய்வதுதான் என்று ஏற்றுக்கொண்ட பிறகும், விரும்பிச் செய்யும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளியை விட்டே போயிருந்தாள் என்பது வேறு விஷயம். நீதிமன்றங்கள் பள்ளி ஆண்டைப் பார்த்து ஓடுவதில்லை.

இந்தத் தீர்ப்பை ஆவடிக்கு அப்படியே தூக்கிவர முடியாது. டர்பன் அம்மாவுக்குப் பின்னால் பாட்டியின் வைரம் இருந்தது. மேல்காது கேட்கும் பிள்ளைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் செல்போனில் பார்த்த ஒரு படம்தான். பள்ளிக்கும் தன் நியாயம் உண்டு. சீருடை என்பது தங்கத் தோடு போட்டவளையும் போடாதவளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கும் ஏற்பாடு. விளையாட்டு மைதானத்தில் வளையம் மாட்டிக் காது கிழிந்தால் பதில் சொல்ல வேண்டியதும் பள்ளிதான். ஆகவே விதி இருக்கும் பள்ளியில் பிள்ளையைத் தோடோடு அனுப்பி டீச்சரோடு மோதவிடுவது ஆதரவு ஆகாது. கணக்கும் பார்க்க வேண்டும். கோடை விடுமுறை ஆறேழு வாரம்; சோணைக்கு அது போதும், குருத்தெலும்புக்குப் பத்தாது. ஆறாத துளையில் தினமும் காலையில் தோட்டைக் கழற்றி மாலையில் மாட்டினால் புண்தான் மிஞ்சும். விதி தளராத பள்ளி என்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை தள்ளிப்போடச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தள்ளிப்போட்டும் ஆசை மாறாமல் இருந்தால், அது செல்போன் படத்தைத் தாண்டிய ஆசை என்றும் தெரிந்துவிடும்.

இன்று காது, நாளைக்கு மூக்கு, அப்புறம் டாட்டூ என்ற பயத்துக்கு அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். தோட்டைக் கழற்றினால் துளை பெரும்பாலும் சுருங்கும், ஒரு சின்ன வடு மிஞ்சும். பச்சை அப்படிப் போகாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பெற்றோரிடம்தான் பிள்ளை அடுத்த முறையும் வந்து கேட்கும்.

எனக்கு உறுத்தும் மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மேல்காதில் குத்திக்கொள்வதே "நான் வேற" என்று சொல்லத்தானே? அதிலும் அம்மா கூடவே வந்து, பக்கத்து நாற்காலியில் தானும் ஒன்று குத்திக்கொண்டு, இரண்டு காதையும் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்தால், பிள்ளையிடம் மிஞ்சுவது என்ன? இந்தக் கேள்வி நியாயமானது. ஆதரவு என்ற பெயரில் பிள்ளையின் ஆசையையே பிடுங்கிக்கொள்ளும் பெற்றோர் இருக்கிறார்கள். காதுகுத்தில் மாமன் பிடித்துக்கொள்கிறான், தன் காதைக் காட்டுவதில்லை. சீர் கொண்டுவருகிறான், குழந்தை வீறிட்டால் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான், அதோடு அவன் வேலை முடிந்தது. எந்த இடம், எந்தக் கல் என்பதில் அம்மா தலையிடாமல் இருப்பதும், யாராவது கேட்டால் "அவ ஆசைப்பட்டா, கூடப் போனேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வதும் அந்த மாமன் முறைதான்.

பதினாறு வயதுக்கு அந்த மடி சில நிமிடத்தில் முடிவதில்லை என்பது ஒன்றே வித்தியாசம். சி.டி.எச். சாலைப் புழுதியில் வண்டியின் பின்னால் போகும்போது ஹெல்மெட்டின் உள்பஞ்சு மேல்காதில் உராயும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. ஹெட்போனை மறந்துவிட வேண்டும். தோட்டைத் திருகித் திருகிப் பார்க்கச் சொல்வார்கள் பெரியவர்கள், மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவச் சொல்வார்கள், இரண்டும் வேண்டாம். காலையும் மாலையும் சலைனில் நனைத்த துணியால் ஒற்றினால் போதும். காதின் முன்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்து அவளே துடைத்துக்கொள்வாள். திருகாணி இருக்கும் பின்பக்கம்தான் அவள் கண்ணுக்குத் தெரியாது. அந்த மாதங்கள் முழுக்க, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும், யாராவது ஒருவர் அவள் முடியை ஒதுக்கிப் பார்த்துச் சிவந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.