அழிப்பதும் கொடுப்பதும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிவந்த வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். இவை இல்லாத கணினிகள், திரையும் விசைப்பலகையும் நன்றாக வேலை செய்தாலும், பழையவை என்ற கணக்கில் விழுந்தன. இங்கிலாந்தில் பாடசாலைகளுக்குக் கணினி ஆலோசனை சொல்வது என் தொழில். அந்த ஆண்டு நான் போன இடமெல்லாம் அதிபர்கள் கேட்டது ஒரே கேள்வி: "இவற்றை என்ன செய்வது?"

தொழில்நுட்பக் கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டார்கள். எனக்கு அது ஓர் அறக் கேள்வியாகவே படுகிறது.

ஒரு வகுப்பாசிரியரின் மடிக்கணினியில் என்னவெல்லாம் இருக்கும்? பரீட்சைப் புள்ளிகள் இருக்கும். அவை பெரிய விடயமல்ல. இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளின் பட்டியல் இருக்கும். கற்றலில் சிரமப்படும் பிள்ளையைப் பற்றி உளவியலாளர் எழுதிய அறிக்கை இருக்கும். வீட்டில் அடி விழுகிறது என்று ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னதை ஆசிரியர் குறித்துவைத்த நாலு வரி இருக்கும். அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போதும் அந்த நாலு வரி அவருடையதுதான்.

இவை அழிந்துவிட்டன என்று நம்புவது சுலபம். ஒரு கோப்பை அழிக்கும்போது கணினி பெரும்பாலும் செய்வது, புத்தகத்தின் பொருளடக்கத்திலிருந்து ஒரு வரியை வெட்டுவதுதான். பக்கங்கள் அப்படியே இருக்கும். சிம்சன் கார்ஃபின்கெல், அபி ஷெலாட் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129இல் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடனட்டை எண்கள் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல் கிடைத்தன.

ஆகவே பயம் நியாயமானது. பயந்த பாடசாலைக்கு முதலில் தெரியும் வழி நொறுக்கும் இயந்திரம். ஒரு நிறுவனம் லொறியில் வரும், கணினிகளை ஏற்றும், அழித்ததாகச் சான்றிதழ் தரும். அதிபர் அதைக் கோப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்த நிம்மதியில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பிரைட்டனிலுள்ள அரச மருத்துவமனை அமைப்பு ஒன்று சுமார் 1000 வன்தட்டுகளை அழிக்கக் கொடுத்தது. அவற்றில் 250க்கும் மேற்பட்டவை, நோயாளிகளின் விவரங்களோடு, இணைய ஏலத்தில் விற்கப்பட்டன. 2012இல் தகவல் ஆணையர் அந்த அமைப்புக்கு 325,000 பவுண் அபராதம் விதித்தார். வேலையை வேறொருவரிடம் கொடுக்கலாம். பொறுப்பு கூடப் போகாது. இது முதல் ஓட்டை. இரண்டாவது, நல்ல கணினியை நொறுக்குவதே ஒரு சேதம். ஒரு மடிக்கணினி தன் ஆயுளில் உண்டாக்கும் கரிம வெளியேற்றத்தில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. அதே ஊரில் வீட்டுப்பாடத்தை அம்மாவின் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை இருக்கும்போது, அந்தக் கணினியைத் தூளாக்குவதை முன்னெச்சரிக்கை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாவது வழி எங்களுக்கு மிகவும் பழக்கமானது: ஊருக்கு அனுப்புவது. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சு எழாத ஆண்டு இல்லை. நல்ல மனதோடுதான் பேசுகிறோம். ஆனால் அந்தக் கணினிகளுக்கு இங்கே என்ன பெயர் வைத்தோம் என்பதை யோசிக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வராது, எங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒதுக்கியவை அவை. கடல் தாண்டியதும் அவை எப்படி நன்கொடையாகின்றன? பற்றரி தளர்ந்த மடிக்கணினி அங்கே ஓராண்டு உழைக்கலாம். பிறகு அதிலுள்ள ஈயத்தையும் லித்தியத்தையும் யார், எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

2022இல் உலகில் 6 கோடியே 20 லட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம் என்றும் ஐ.நா. சார்ந்த அறிக்கை சொல்கிறது. 2025 ஜனவரி 1 முதல், பாசல் உடன்படிக்கையின்படி எந்த மின்னணுக் கழிவையும் பெறும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. பெயர் மாற்றி அனுப்புவது என்றால் என்னவென்று இலங்கைக்குத் தெரியும். 2017க்கும் 2019க்கும் இடையில் இங்கிலாந்திலிருந்து கொழும்புக்குப் போன கொள்கலன்களில், பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் மருத்துவமனைக் கழிவும் இருந்தது. கடைசிக் கொள்கலன்கள் திரும்பிப் போக 2022 ஆயிற்று. எங்கள் அன்பளிப்பை அதோடு ஒப்பிடுவது கடுமைதான். இருந்தாலும், பெறுகிறவருக்குத் தேவையா என்று கேட்காமல் அனுப்பும் பொருளுக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரம் நாங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

நொறுக்குவதும் அனுப்புவதும் எதிரெதிரான செயல்கள்போலத் தெரிந்தாலும், இரண்டும் பொருளைக் கண்ணிலிருந்து மறைக்கின்றன. ஒன்று சான்றிதழ் தருகிறது, மற்றது நன்றிக் கடிதம் தருகிறது. இரண்டிலும் ஆறுதல் கிடைப்பது கைவிடுகிறவருக்கு.

தமிழில் இதற்குப் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலப் பெண் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டதில் மாதரியின் பிழை எதுவும் இல்லை. இருந்தும் தன் கையில் தந்த அடைக்கலத்தைக் காக்க முடியாமல் போயிற்றே என்று அவள் தீயில் விழுகிறாள். எந்த அதிபரும் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒன்று எங்கள் ஒப்பந்தப் படிவங்களில் இல்லை: ஒப்படைக்கப்பட்டதற்கான பொறுப்பு "நான் பிழை செய்யவில்லை" என்பதோடு தீர்ந்துவிடுவதில்லை.

பிள்ளையின் விவரம் இந்த வகையான அடைக்கலம். வங்கி பிடிக்காவிட்டால் வேறு வங்கிக்குப் போகலாம். பிள்ளைக்கு அந்தத் தெரிவு இல்லை. சட்டம் அதைப் பாடசாலைக்கு அனுப்புகிறது, பாடசாலை அதைப் பற்றி எழுதிவைக்கிறது, யாரும் அதனிடம் சம்மதம் கேட்பதில்லை.

ஒரு நண்பர் இந்த இடத்தில் என்னை மடக்கினார்: "அப்படியானால் நொறுக்குவதுதானே சரி? முகம் தெரியாத வேறொரு பிள்ளையின் நன்மைக்காக இந்தப் பிள்ளையை ஏன் ஆபத்தில் வைக்கிறாய்?" வலுவான கேள்வி. ஆபத்தைக் குறைக்க முடியாது என்றால் அவர் சொல்வதே சரி. ஆனால் குறைக்க முடியும். கணினி வாங்கிய அன்றே முழுத் தட்டையும் மறைகுறியாக்கம் செய்தால், கடைசி நாளில் திறவுகோலை அழிப்பது போதும். மிஞ்சுவது யாராலும் வாசிக்க முடியாத எழுத்துக் குவியல். அப்படிச் செய்யாத இடத்தில், தட்டுக்கு ஏற்ற முறையில் துடைத்துச் சரிபார்க்கலாம். சந்தேகம் இருந்தால் தட்டை மட்டும் கழற்றி நொறுக்கிவிட்டு, மற்ற உடலுக்குப் புதிய தட்டும் லினக்ஸும் போட்டுக் கொடுக்கலாம். தட்டு கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டு, துடைக்கவும் முடியாவிட்டால், முழுவதையும் நொறுக்கத்தான் வேண்டும். ஒவ்வொன்றின் தொடரிலக்கத்தையும் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் அடைக்கலம் காக்கப்படுவது இப்படிப்பட்ட அலுப்பான வேலையில்தான்.

கொடுப்பதற்கும் இதே அளவுகோல் பொருந்தும். முதலில் பக்கத்துத் தெருப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஊருக்கு அனுப்புவதானால், அங்குள்ள ஆசிரியரிடம் என்ன தேவை என்று கேட்டு, இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் என்று சோதித்து, சார்ஜரோடு அனுப்ப வேண்டும். பழுதானால் யார் பொறுப்பெடுப்பார் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு விடை இல்லையென்றால், கணினிகளை இங்கே முறையாக மீள்சுழற்சிக்குக் கொடுத்துவிட்டு, கொள்கலனுக்கு ஆகும் பணத்தை அந்தப் பாடசாலைக்கு அனுப்புவது மேல்.

காசும் ஆளும் இல்லாத பாடசாலையால் இதையெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். கடைசி நாளில் யோசித்தால் முடியாது. வாங்கும் நாளிலேயே, கணினியின் விலையோடு அதைக் கைவிடும் செலவையும் சேர்த்து எழுதினால் முடியும். இப்போது அதிபர்கள் புதிய கணினிகளுக்கு விலை கேட்டு என்னிடம் வரும்போது, இவை வெளியேறும் நாளில் என்ன செய்வீர்கள் என்று நான் முதலில் கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. கையெழுத்திடும் முன் அந்த எரிச்சல் வந்துவிடுவது பிள்ளைகளுக்கு நல்லது.