உறக்கமும் அறமே

கண்ணயராமல் விழித்திருப்பதே பக்தி, அதுவே சேவை என்பார் என் அப்பா. கம்பியில்லா உணரிகளோடு வேலை செய்யும் எனக்கு அது சரியென்று படவில்லை.

2002இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கிரேட் டக் தீவில், பெட்ரல் கடற்பறவைகளின் வளைகளுக்குள் ஆய்வாளர்கள் சிறு உணரிகளை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே ஏஏ பேட்டரிகள். அடைகாக்கும் பறவையைத் தொந்தரவு செய்யாமல் அவை மாதக்கணக்கில் தாங்க வேண்டும்.

என் மேசையிலுள்ள உணரியில் மீட்டரை வைத்தால், ரேடியோ விழித்திருக்கும்போது சுமார் 20 மில்லி ஆம்பியர். உறங்கும்போது சில மைக்ரோ ஆம்பியர்தான். யாரும் பேசாதபோது காது கொடுத்திருப்பதற்கும் ஏறத்தாழ பேசுகிற அளவுக்கே செலவாகிறது. அதனால் அது கணநேரம் விழித்துக் கேட்டு, மறுபடி உறங்குகிறது. அந்த உறக்கம்தான் அதன் ஆயுள்.

இத்தகைய உணரிகள் தமக்குள் பேசுவதற்காக 2000இல் வெளிவந்த லீச் என்ற நெறிமுறை இன்னொன்றையும் செய்தது. எல்லோரின் தகவலையும் திரட்டி அனுப்பும் தலைமைப் பொறுப்பை உணரிகள் முறைவைத்து ஏற்கின்றன. ஒன்றே சுமந்தால் அதுதான் முதலில் அணையும்.

அர்த்தசாம பூஜை முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்யும் மரபு நம்முடையது. தெய்வத்துக்கே ஓய்வு வகுத்த நாம், மனிதர் களைத்துச் சாய்வதைத் தியாகம் என்று போற்றலாமா? நோயாளி இருக்கும் வீட்டில் ஒருத்தியே எல்லா இரவும் விழித்திருந்தால், அங்கே தர்மம் தவறுகிறது. முறைமாற்றி உட்காருவது மற்றவர்களின் கடமை.