வேலை தேடாதே, நுண்ணுயிரை வேலைக்கு வை!

தம்பி, உன்னைத்தான்! தங்கையே, உன்னையும்தான்!

ஹைதராபாத் குகட்பள்ளியில் ஒரு விடுதி அறை. மூன்று கட்டில். காலையில் மெட்ரோ பிடித்து அமீர்பேட்டைக்கு மென்பொருள் வகுப்பு. மாலையில் திரும்பி வந்து வேலைக்கு விண்ணப்பம். பெட்டிக்குள் துணிக்கும் அடியில் உயிரித் தொழில்நுட்பப் பட்டம் கிடக்கிறது. கேட்டால், "பயோடெக் படிச்சவனுக்கு வேலை எங்கண்ணே இருக்கு?" என்கிறாய்.

எங்கே இருக்கிறது என்று காட்டட்டுமா? முதலில் உன் விடுதிச் சமையற்கட்டுக்கு வா. ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி நிற்கிறதே, அது யார் பார்த்த வேலை? கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் பார்த்த வேலை. அவற்றின் பெயரை உன் பாட்டி அறியமாட்டார். ஆனால் எத்தனை நேரம், எவ்வளவு உப்பு, மார்கழிக் குளிரில் பாத்திரத்தை எங்கே வைப்பது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். பெயர் தெரியாத பாட்டி அவற்றை வேலை வாங்கினார். பெயர், குலம், மரபணு எல்லாம் படித்த நீ, வேலை இல்லை என்கிறாய்!

அடுத்து, பாலாநகரைத் தாண்டி போயின்பள்ளிக்கு வா. அங்கே பெரிய காய்கறிச் சந்தை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 டன் கழிவு. அழுகிய தக்காளி, வாடிய கீரை, நசுங்கிய கத்தரிக்காய். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போவதுதான் நம் வழக்கம். ஹைதராபாத்தின் இந்திய வேதித் தொழில்நுட்பக் கழக விஞ்ஞானிகள் அப்படிக் கடந்து போகவில்லை. கழிவை நறுக்கி, அரைத்துக் கூழாக்கி, காற்றுப் புகாத கலனுக்குள் செலுத்தினார்கள். உள்ளேயிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று மீத்தேன் தருகின்றன. அந்த வாயுவில் சந்தையின் விளக்கு எரிகிறது, கேன்டீன் அடுப்பும் எரிகிறது. தினமும் சுமார் 500 யூனிட் மின்சாரம், 30 கிலோ எரிபொருள் என்று 2021 ஜனவரியில் பிரதமரே தம் வானொலி உரையில் எடுத்துச் சொன்னார். நாற்றம் எல்லோர் மூக்குக்கும் ஒன்றுதான். அதில் மூலப்பொருளைக் கண்டது சிலர் கண்தான்.

"அவர்கள் விஞ்ஞானிகள், அரசுக் கூடம் இருக்கிறது" என்பாய். சரி, விஞ்ஞானியே இல்லாத ஒருவர் கதையைக் கேள்.

கே.ஐ.வரபிரசாத் ரெட்டி. நெல்லூர்ச் சீமைக்காரர். படித்தது எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல். 1992-ல் ஜெனீவாவில் தடுப்பூசி குறித்த ஒரு மாநாட்டுக்குப் போனார். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. அந்த விலைக்குக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஊசி போட முடியாது. இந்தியா கையேந்தி நிற்கும் நாடாகப் பேசப்பட்டது அவரைச் சுட்டது. அது உன்னையும் என்னையும்கூடச் சுட்டிருக்கும். நாம் இரண்டு நாள் புலம்பிவிட்டுத் தூங்கியிருப்போம். அவர் 1993-ல் தாயார் பெயரில் சாந்தா பயோடெக்னிக்ஸைத் தொடங்கினார். சொந்த ஆய்வுக்கூடம் இல்லை. உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பிறகு உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சி.சி.எம்.பி.யிலும் இடம் பெற்று ஆய்வு நடந்தது. முதலீடு ஓமன் நாட்டு அமைச்சர் யூசுப் பின் அலவியிடமிருந்து வந்தது. 1997 ஆகஸ்டில் 'சான்வாக்-பி' வெளிவந்தது. மரபணு மறுசேர்க்கை முறையில் இந்தியாவிலேயே உருவான முதல் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி! இறக்குமதி மருந்தைவிடப் பல மடங்கு குறைந்த விலை.

அந்த மருந்தைச் செய்துகொடுத்த தொழிலாளி யார் தெரியுமா? பிக்கியா பாஸ்டோரிஸ் என்ற ஈஸ்ட். நூறாண்டுக்கு முன் பிரான்சில் ஒரு செஸ்ட்நட் மரத்தின் கசிவில் கண்டெடுத்தது. 1970-களில் ஓர் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் இதற்கு மெத்தனாலை ஊட்டி வளர்த்துக் கால்நடைத் தீவனம் செய்யப் பார்த்தது. எண்ணெய் விலை ஏறியது, கணக்குக் கட்டுப்படியாகவில்லை. தோற்ற திட்டம் என்று மூட்டை கட்டியிருக்கலாம். கட்டவில்லை. அடுத்த பத்தாண்டில் அதே ஈஸ்ட்டை மருந்துப் புரதம் செய்யப் பழக்கினார்கள். வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் அதற்குள் வைத்தால், மெத்தனாலைத் தின்றபடி அந்தப் புரதத்தைக் குவித்துத் தருகிறது. முழு வைரஸ் இல்லாததால் நோய் வராது. உடலோ எதிரியின் முகத்தைப் படித்து வைத்துக்கொள்கிறது.

மாட்டுத் தீவனத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட பூஞ்சை, பிள்ளைகளின் ஈரலைக் காக்க வந்தது. நான்கு நேர்காணலில் உன்னை வேண்டாம் என்றதற்கா நீ சுருண்டு படுத்திருக்கிறாய்?

ஏறிய பின்னும் சறுக்கும், அதையும் கேட்டுக்கொள். 2010-ல் சாந்தாவின் ஐந்து நோய்த் தடுப்பூசிக் குப்பிகளில் வண்டல் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் தகுதிப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. குறையைத் தேடிச் சரிசெய்து, 2014-ல் அதே பட்டியலில் மீண்டும் ஏறியது. உயிரை வைத்துச் செய்யும் தொழிலில் அலட்சியத்துக்கு மன்னிப்பு இல்லை. உழைப்புக்கு மறுவாய்ப்பு உண்டு.

ஆகவே எழுந்திரு! நாளைக் காலை குகட்பள்ளி உழவர் சந்தையான ரைத்து பஜாருக்குப் போ. எது மிஞ்சுகிறது, எத்தனை கிலோ, எந்த மாதத்தில், எங்கே கொட்டுகிறார்கள் என்று நோட்டுப் போட்டு எழுது. மாங்கொட்டையா, புளியங்கொட்டையா, வாழைத்தண்டா? ஒன்றை எடு, ஒன்றே ஒன்றை. அதை எந்த உயிர் தின்னும், தின்று என்ன தரும், அதை யார் காசு கொடுத்து வாங்குவார் என்ற மூன்று கேள்விக்கும் விடை தேடு. பக்கத்திலேயே ஜே.என்.டி.யு. பல்கலைக்கழகம் இருக்கிறது, பேராசிரியர் கதவைத் தட்டு. எண்ணம் உருப்பெற்றால், மத்திய அரசின் பைராக் அமைப்பு 'பிக்' திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. கேட்ட எல்லோருக்கும் கிடைக்காது. கேட்காதவனுக்கு நிச்சயம் கிடைக்காது. வயிற்றுப்பாட்டுக்கு மென்பொருள் வேலை பார்த்தாலும் குற்றமில்லை. பட்டத்தை மட்டும் பெட்டிக்கடியில் புதைக்காதே!

மாவு ஒரே ராத்திரியில் பொங்கும். உன் முயற்சிக்குச் சில ஆண்டுகள் பிடிக்கலாம். ஆனால் உளுந்தையே ஊறப்போடாதவன் வீட்டில் எந்த விடியலிலும் மாவு பொங்கியதில்லை.

இன்றிரவே ஊறப்போடு!