அழுத பிள்ளை

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வாய்விட்டுக் கேட்டால்தான் எதுவும் கிடைக்கும் என்று பெரியவர்களுக்குப் புத்தி சொல்லத்தான் பெரும்பாலும் அந்தப் பழமொழி வருகிறது. அழுதால் யாரோ ஒருவர் வருவார் என்பதை அது சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. எத்தனை முறை அழுதும் யாருமே வராத பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்வி வெகுநாள் எனக்கு எழவில்லை.

வான்கூவரில் ஒரு நூலகத்தில் நான் வேலை பார்த்தபோது உடன் வேலை செய்த ஒரு பெண்மணிதான் அந்தக் கேள்வியை என் முன் வைத்தார். 1990 கடைசியில் அவரும் கணவரும் ருமேனியாவிலிருந்து இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்து வந்திருந்தார்கள். பெண்ணுக்கு இரண்டரை வயது, பையனுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. வயிற்றில் பிறந்த மகனுக்கு அப்போது ஏழு வயது. முதல் வாரம் வீடு அவ்வளவு அமைதி. இரவில் ஒரு சிணுங்கல்கூட இல்லை. எவ்வளவு சமர்த்துப் பிள்ளைகள் என்று இருவரும் பூரித்துப்போனார்களாம்.

ஒருநாள் விடிவதற்கு முன்பே எழுந்தவர், பிள்ளைகளின் அறையை எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் விழித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்கள். சிறுமியின் படுக்கை நனைந்து, ஈரம் சில்லிட்டுப் போயிருந்தது. எப்போது நனைந்ததோ. உள்ளே வந்தவரை அவள் திரும்பிப் பார்த்தாள். தூக்கச் சொல்லிக் கை நீட்டவில்லை, வாய் திறக்கவில்லை. "அன்றைக்குத்தான் பயந்தேன். இது சமர்த்து இல்லை என்று தெரிந்தது" என்றார்.

இந்த மௌனத்துக்குப் பின்னால் ஓர் அரசாணை இருந்தது. ஜனத்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966இல் ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்கு கருக்கலைப்புக்குத் தடை போட்டார். வளர்க்க வழியில்லாத வீடுகளில் பிள்ளைகள் பிறந்தார்கள். வறுமையில் அவர்களை அரசு இல்லங்களில் விட்டுப் போனார்கள். 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது அந்த இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அநாதைகள் என்று உலகம் அவர்களைச் சொன்னது. ஆனால் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் பலரும் சொன்னது, வரிசை வரிசையாகக் கட்டில்கள், ஆனால் அழுகைச் சத்தம் இல்லை என்பதுதான். ஆயாக்கள் முறை வைத்து மாறிக்கொண்டே இருந்தார்கள். கடிகாரம் பார்த்துத்தான் பால் வரும், அழுகையைக் கேட்டு வராது. இது தெரிந்தபின் குழந்தை எதற்கு அழ வேண்டும்? வீணாய்ப் போகிற பலத்தை அது மிச்சம் பிடித்துக்கொள்கிறது.

ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடந்ததில்லை இது. ருமேனியாவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்த பிள்ளைகளை சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் எலினோர் ஏம்ஸ் ஆராய்ந்தார். கண் விழித்ததும் யாரையும் கூப்பிடாமல் படுக்கையிலேயே கிடப்பதைப் பெற்றோர்கள் பலரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டிலும் சிக்கல் இருந்தது. சிலருக்கு மெல்லத் தெரியவில்லை, சிலருக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியவில்லை. என் தோழியின் வீட்டிலும் தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டுகள் கிடைத்தன. முதலில் எடுத்து எறிந்தார். பிறகு எறிவதை நிறுத்திவிட்டு, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிண்ணத்தில் ரொட்டி வைத்தார். ராத்திரி முழுக்க அது அங்கேயே இருக்கும். தலையணைக்குள் ரொட்டி போவது நிற்க எட்டு மாதம் ஆனது.

அதைவிட அவரை வருத்தியது வேறு. கடைக்குப் போனால் சிறுமி யார் கையை வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவாள். முன்பின் தெரியாதவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். என்ன கலகலப்பான பிள்ளை என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். அவருக்கு மட்டும் நெஞ்சு வலித்தது. அந்தப் பிள்ளைக்கு அவரும் பலரில் ஒருத்தி, அவ்வளவுதான். சுவீகாரம் என்ற சொல்லுக்குத் தனதாக்கிக்கொள்வது என்று பொருள். வளர்ப்பவர் தரப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது, பிள்ளையின் தரப்பு இல்லை. பிள்ளை ஏற்றுக்கொள்வதற்குக் கையெழுத்தும் முத்திரையும் கிடையாது, நாள் குறிக்கவும் முடியாது.

அழக் கற்றுக்கொடுத்தது அந்த ஏழு வயதுப் பையன். வந்த புதிதில், இவர்கள் எப்போது திரும்பிப் போவார்கள் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன்தான். ஒருநாள் ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கால் சிராய்த்து ஊரைக் கூட்டினான். அம்மா ஓடிவந்து தூக்கினார், ஊதினார், முத்தம் கொடுத்தார். சிறுமி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சில நாள் கழித்து அவள் படியில் தடுக்கி விழுந்தாள். எழுந்து, அம்மா எங்கே என்று முதலில் தேடினாள். கண்ணில் பட்டதும் வாயைக் கோணினாள். பாதிச் சத்தம்தான் வந்தது, அழுகை மாதிரிகூட இல்லை. "நான் ஓடின ஓட்டத்தில் கையில் இருந்த தட்டு உடைந்துபோனது" என்றார்.

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ராத்திரி ராத்திரியாக வீரிட்டிருக்கிறான். தூக்கம் கெட்டு நானும் மனைவியும் அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. அவன் எங்கள்மேல் வைத்த நம்பிக்கையைத்தான் அப்படி உரக்கச் சொல்லியிருக்கிறான் என்பது இந்தக் கதையைக் கேட்டபிறகுதான் எனக்கு விளங்கியது.

அன்பு எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அப்படி இல்லை. பிரிட்டனில் மைக்கேல் ரட்டரும் அவர் குழுவும் ருமேனியாவிலிருந்து வந்த 165 பிள்ளைகளை வளர்ந்து பெரியவர்களாகும்வரை கவனித்துவந்தார்கள். ஆறு மாத வயதுக்குள் இல்லத்தைவிட்டு வந்தவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் அங்கே இருந்தவர்களில் பலருக்கு, நல்ல வீடு கிடைத்தும், சில சிரமங்கள் இளம் வயதிலும் தொடர்ந்தன. ஆனால் அவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் போயிற்று. ஏன் அவருக்கு மட்டும் என்பதற்கு எளிய விடை கிடையாது. வளர்த்தவர்கள் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பதினைந்து வயதில் தோழியின் மகள் அழுத அழுகை வேறு விதம். நீ என் அம்மா இல்லை, எதற்கு என்னைக் கொண்டுவந்தாய் என்று கதவை அறைந்து சாத்தினாள். உறவினர்கள் நன்றி கெட்ட பிள்ளை என்றார்கள். நம் ஊரிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். எடுத்து வளர்த்தது புண்ணியம் என்று நாம் சொல்லும்போதே அந்தப் பிள்ளையின் தலையில் ஒரு கடனை ஏற்றிவைக்கிறோம். கடன்காரப் பிள்ளை மனம்விட்டு அழ முடியுமா? என் தோழி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டார். பதில் பேசவில்லை, எழுந்து போகவுமில்லை.

2015இல், இருபத்தேழு வயதில், அவள் ருமேனியாவுக்குப் போய்ப் பெற்றவளைக் கண்டுபிடித்தாள். ஒரு சின்ன ஊர், இரண்டு அறை வீடு. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் தடவிக்கொண்டே இருந்தார்களாம். அவள் அங்கே அழவில்லை. இரவு விடுதி அறைக்குத் திரும்பி, வான்கூவருக்கு ஃபோன் போட்டாள்.

"நான் ஹலோ என்று மட்டும்தான் சொன்னேன்" என்றார் தோழி. "ஒரு மணி நேரம் அழுதாள்."